அளவு ஜாக்கெட்டில் தப்பில்லை

எறையூர்,
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் உன் கூட்டாளிப் பெண்ணும் மெல்போர்னில் நீங்கள் நடத்தும் தையல் கம்பெனியும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று செட்டிகுளம் மலை முருகனைக் கும்பிட்டுக்கொண்டே பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பா நலம், தம்பி மகேஷ் நலம், மாடு கன்று நலம். என்னை மட்டும் அந்த வரிசையில் சேர்க்கவில்லை, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகத்தான் எழுதுகிறேன், பக்கத்தில் அப்பா இருக்கிறார். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நான் திட்டியதைக் கேட்டு உங்கள் பெரிய சைஸ்களை எல்லாம் குறைத்து வெட்டப் போவதாக மகேஷிடம் சொன்னாயாம். இதைப் படித்து முடிக்கும்வரை நீயும் துணியில் கத்திரி வைக்காதே, வேறு யாரையும் வைக்க விடாதே. நீ போட்ட அளவில் தப்பே இல்லை பாப்பா. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ ‘சொல்லும்மா’ என்றதும் வாய் வராமல் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். மகேஷ் இதைப் படம் பிடித்து இன்றைக்கே வாட்ஸப்பில் அனுப்புவான், காகிதம் பின்னால் தபாலில் வரட்டும்.

தீபாவளிக்கு வந்திருந்தாயே, அப்போது நடந்ததை நினைத்துப் பார். டேப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கும் கொல்லைக்கும் என் பின்னாலேயே நடந்தாய். ‘கைய தூக்கும்மா, ஒரே நிமிஷம்’ என்றாய். பெற்ற மகள்தான் என்றாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் பக்கத்தில் எந்தப் பெண் டேப்புக்கு நின்றிருக்கிறாள், சொல். வயதுக்கு வந்த காலத்தில் யாரோ ஒரு தையல்காரி ஒரு தடவை அளந்து தைப்பாள், அதற்கப்புறம் நன்றாக அமைந்த ஜாக்கெட் ஒன்றை அளவு ஜாக்கெட் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டு, புதுத்துணி எடுக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துச் சுருட்டிக் கொடுத்துவிடுவோம். தையல்காரி அதைப் பார்த்துத் தைப்பாள், நம்மை ஏறிட்டும் பார்க்க வேண்டியதில்லை. என் மாம்பழக் கலர் அளவு ஜாக்கெட்டை அப்படித்தான் உன் கையில் திணித்து ‘எல்லாம் இதுல இருக்கு, அளந்துக்க’ என்றேன். நீ அதை மேசையில் விரித்து ஒவ்வொரு பக்கமாக அளந்து எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாய். இடுப்பளவை மட்டும் விடமாட்டேன் என்று நின்றாய், சரி போ என்று புடவைக்கு மேலேயே டேப்பைச் சுற்ற விட்டேன். ‘கொசுவமெல்லாம் சேந்து வருதும்மா’ என்று சிரித்தாய். ‘கழிச்சுக்க, கணக்குப் படிச்சவதான’ என்றேன். மற்ற கம்பெனிகளில் சின்ன சைஸையே சுற்றிலும் ஊதிவிட்டு அதைப் பெரிய சைஸ் என்று விற்கிறார்கள், உண்மையான பெரிய உடம்பில் தோளும் கையும் அப்படி வராது, அதனால் எங்கள் பெரிய அளவுகளை எல்லாம் உன் ஜாக்கெட்டிலிருந்துதான் வரையப் போகிறேன் என்று அன்றைக்கு நீ சொன்னாய். அப்போது அது எனக்கு வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

மாசியில் உன் பார்சல் வந்தது. பாலிதீன் இல்லை, பசை டேப் இல்லை, பழுப்புக் காகிதமும் சணல் கயிறும்தான். ‘வெளிநாட்டுலேர்ந்து வெல்லம் அனுப்பியிருக்காளா ஒம் மவ’ என்று அப்பா கேலி செய்தார். பிரித்துப் பார்த்தேன். கருநீலத்தில் காலோடு ஒட்டிப் பிடிக்கிற ஒரு கால்சட்டை, அதற்கு மேல் போட ஒரு சட்டை. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறவள், பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இருக்கிறவள், இதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் நடக்க வேண்டுமாம். சட்டை மருந்தடிக்காத பருத்தி என்றும், கால்சட்டையில் பாதிக்கு மேல் பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி இழுத்த நூல் என்றும் உள்ளே நீ எழுதி வைத்திருந்ததைப் படித்தபோது இரண்டையும் நம்ப முடியவில்லை. பருத்திக்கு மருந்தடிக்காமல் யார் விடுவார்கள்? சின்ன வயதில் நான் பருத்தி எடுக்கப் போன காடுகளில் மருந்து நெடியில் கண் எரியும், வீட்டுக்கு வந்து கையை எவ்வளவு கழுவினாலும் சோற்றில் அந்த வாடை வரும். பாட்டிலில் செய்தது என்றதால் கால்சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன், கலர் சோடா வாசனை ஏதும் அடிக்கவில்லை. அப்புறம் மகேஷ் உங்கள் கம்பெனிப் படங்களை போனில் காட்டினான். அதைப் பார்த்துத்தான் இன்னும் அதிர்ந்துபோனேன். என்னைப்போலப் பெருத்த இடுப்பும் கையுமாக இருக்கிறவர்கள், என்னைவிடப் பெரியவர்கள், வயிற்றை எக்கிக்கொள்ளாமல் நிற்கிறார்கள், ஒருத்தி ஒற்றைக்காலில் நின்று சிரிக்கிறாள். யாரும் தலைப்பை இழுத்து எதையும் மூடவில்லை, மூடத் தலைப்பும் இல்லை. பஸ்ஸில் நான் போய் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டுக்காரி முகம் போகிற போக்கைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். பெரம்பலூரில் மீட்டிங் என்று போனால் ‘பிள்ளைங்க சாப்பாட்டயெல்லாம் அமைப்பாளரம்மாவே சாப்ட்டுடறாங்க போல’ என்று முகத்துக்கு நேரே சொல்லிச் சிரிப்பார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவேன். அந்தப் பெண்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

சரி, மகள் ஆசையாக அனுப்பியிருக்கிறாள், ஒருநாள் போட்டுப் பார்ப்போம் என்று விடியற்காலையில் மாட்டிக்கொண்டு, மேலே ஒரு துண்டையும் போர்த்திக்கொண்டு மில் ரோட்டில் நடந்தேன். கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நிற்கிற நேரம், டிரைவர்கள் எல்லாம் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எடைமேடை தாண்டவில்லை, கால்சட்டை இடுப்பை விட்டு இறங்க ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு கையால் துண்டையும் ஒரு கையால் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வேலைக்குக் கிளம்பி எதிரே சைக்கிளில் வந்த அப்பா ‘என்ன புள்ள, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு யார்கிட்ட சண்டைக்குப் போற’ என்கிறார். அந்த ஆத்திரத்தோடுதான் உனக்கு போன் போட்டேன். குண்டான பொம்பளைகளுக்குன்னு தைக்கிறேன்னு பெருமை பேசறியே, இதுல ரெண்டு பேரு நுழையலாம், ஒரு நாடா வைக்கக்கூடத் தெரியல, சட்டையும் தொளதொளன்னு தொங்குது, என்னத்த அளந்த, என்னத்த படிச்ச என்று வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டேன். கொசுவத்தைச் சரியாகக் கழிக்கவில்லை போல என்று நீ சின்னக் குரலில் சொன்னாய். ‘சரிம்மா, பாக்கறேன்’ என்று வைத்துவிட்டாய். உன்னை மட்டும் திட்டவில்லை, அதற்கு முன்னாலேயே பொங்கலுக்குத் தைத்த ஜாக்கெட் தோளில் நழுவுகிறது என்று நம் தெருத் தையல்காரி குஞ்சம்மாளிடமும் சண்டை போட்டிருந்தேன். ‘அளவு ஜாக்கெட்ட வெச்சுதானக்கா வெட்டினேன்’ என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தாள். எல்லாருக்கும் தையல் மறந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஒன்பது நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, நீ வேலையை நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று மகேஷ் சொன்னதும், உன் தப்பு எங்கே என்று படம் எடுத்து அனுப்பலாம் என அளவு ஜாக்கெட்டைக் கட்டிலில் விரித்து அதன்மேல் உன் சட்டையை விரித்தேன். தோளுக்குத் தோள், கைக்குழிக்குக் கைக்குழி, மார்புக்கு மார்பு அப்படியே உட்கார்ந்தது, ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அளவு ஜாக்கெட் துணிதான் நைந்து விட்டுக்கொடுத்திருக்கும் என்று அதையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். தீபாவளிக்கு இதே அளவில் தைத்த ஜாக்கெட்டில் மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் கடைசிக் கொக்கி விழும். இப்போது எல்லாக் கொக்கியும் மாட்டிய பிறகு உள்ளே இரண்டு கைமுட்டியையும் விடலாம். கைப்பட்டிக்குள் கை ஆடியது. பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். தோளெலும்பு தெரிந்தது பாப்பா. எனக்குத் தோளெலும்பு இருப்பதையே அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன், அப்பா வந்து கூப்பிட்டதும் ஜாக்கெட்டைப் பிடித்துக் காட்டினேன். இத்தனை மாதமாக எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். வீட்டில் நைட்டி, வெளியே புடவை. பாவாடை நாடாவை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது ஏன் என்று கேட்காது, புடவையில் இன்னும் இரண்டு கொசுவம் கூட வைத்தால் தீர்ந்தது. உன் கால்சட்டை ஒன்றுதான் இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது.

மறுநாளே அப்பா பெரம்பலூருக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மாவுக்கு உன்னைவிடச் சின்ன வயது. ரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. எனக்கு எண் புரியவில்லை, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எவ்வளவு நாளாக இளைக்கிறீர்கள் என்று கேட்டார், தெரியாது என்றேன். ‘வூட்ல யாரும் கவனிக்கலியாங்க’ என்றார். கவனித்தார்கள், அழகாகிவிட்டேன் என்று சொன்னார்கள் என்றேன். ‘ஒல்லியா இருக்கிறவங்க இளைச்சா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க, உங்கள மாதிரி இருக்கிறவங்க இளைச்சா கைதட்டறாங்க’ என்றார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பள்ளிக்கூடத்தில் அடுப்புப் பக்கத்திலேயே நினைவில்லாமல் விழுந்திருப்பேனாம். யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண் முன்னால்தான் நடந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு வைத்த குடத்தில் பாதித் தண்ணீரை நானே குடித்தேன், வெயில் என்றேன். ராத்திரியெல்லாம் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன், வயசு என்றேன். உள்ளங்கால் எரிந்தது, செருப்பு சரியில்லை என்றேன். மீன்சுருட்டியில் நம் சொந்தக்காரப் பொன்னாயி மகள் கல்யாணத்துக்குப் போனபோது இளைத்து அழகாகிவிட்டாய் என்று ஆளாளுக்கு என்னைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற பாப்பாயி தினமும் ‘என்னக்கா பாதியா போயிட்டீங்க, என்ன சாப்புடறீங்க, எனக்கும் சொல்லுங்க’ என்பாள். கேட்கக் கேட்க எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. கண்ணாடியில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பூ வைத்துக்கொண்டு போனேன். பிறந்ததிலிருந்து என் உடம்பை யாரும் நல்லவிதமாகச் சொன்னதில்லை, முதல்முறையாகச் சொன்னார்கள், அது உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருந்த சமயம். அதை நினைத்தால்தான் ஆறவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார், கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க என் கையைப் பிடிக்காத மனிதர். வளையல் முழங்கை வரைக்கும் போவதைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்போது இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறேன், என் கையாலேயே வயிற்றில் போடப் பழகிவிட்டேன், எறும்பு கடித்த மாதிரிதான். சோறு குறைந்துவிட்டது, அப்பா எனக்காகக் கம்பங்கூழுக்கு மாறிவிட்டு வெளியே போய்ப் பரோட்டா தின்றுவிட்டு வருகிறார், எனக்குத் தெரியாதாம். சர்க்கரை கொஞ்சம் இறங்கியதும் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், உடம்பும் ஓரளவு திரும்ப வருமாம், வந்தால் அது நல்லதுதானாம். அதனால் எனக்குச் சின்ன அளவில் வேறு அனுப்பாதே, அனுப்பியதையே நாடா போட்டுக் கட்டிக்கொள்கிறேன். உங்கள் வேலை விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒருத்தி வற்றிப் போனேன் என்பதற்காக அந்த அளவில் இருக்கிற அத்தனை பெண்களின் துணியையும் சுருக்கிவிடாதே. ஆசையாகக் காசு கொடுத்து வாங்கி, பெட்டியைப் பிரித்து, கை நுழையாமல் நிற்கும்போது அவர்கள் உன் கம்பெனியைத் திட்டமாட்டார்கள், அவரவர் உடம்பைத்தான் திட்டிக்கொள்வார்கள். கடைக்காரன் ‘உங்க சைஸுக்கு வராதுங்க’ என்றபோதெல்லாம் நான் அதைத்தான் செய்தேன். நீ வரைந்த அளவு தெம்பாக, ஆரோக்கியமாக இருந்த உன் அம்மாவின் அளவு, அதை அப்படியே வைத்து வெட்டச் சொல். குஞ்சம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவள் அழுதுவிட்டாள், உன்னிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தோடு முடித்துவிடலாம் என்றுதான் நேற்று சாயங்காலம் வரை இருந்தேன். நேற்று மகேஷ் உங்கள் படங்களை மறுபடி எடுத்துக் காட்டினான். புதிதாக நீயே உங்கள் துணியைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் நிற்கிற படம் வந்திருக்கிறது. நீ சின்ன வயதிலிருந்தே என் ஜாடை, என் தோள், என் கை, உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டால் வீரம்மாளையே இன்னொரு தடவை செய்த மாதிரி இருக்கிறது என்று ஊரே சொல்லும். கீழே உன் சிநேகிதிகள் இளைத்துவிட்டாய், அழகாகிவிட்டாய் என்று எழுதியிருப்பதை மகேஷ் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். ‘அக்கா சூப்பரா ஆயிட்டாம்மா’ என்று அவனும் சிரித்தான். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தேன். தோள் தையல் தோளை விட்டுக் கையில் இறங்கிக் கிடக்கிறது. தொடையில் ஒட்டிப் பிடிக்க வேண்டிய கால்சட்டை முழங்காலுக்குப் பின்னால் மடிந்து தொங்குகிறது. ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தைக்கிறவள், உனக்கே தைத்துக்கொண்ட துணியில் அளவு தவறவிடுவாயா? போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், கழுத்துக்குக் கீழே எலும்பு தெரிகிறது. தாய்க்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம், பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், மகேஷுக்குப் பார்த்தாகிவிட்டது, அவனுக்கு ஒன்றுமில்லை. நீ போன வாரம் பேசும்போது களைப்பாக இருக்கிறது, வேலை அலைச்சல் என்றாய். நடுவில் மூன்று தடவை தண்ணீர் குடித்தாய், அப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை, இப்போது நினைத்தால் தெரிகிறது.

நாளைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றோடு போய்ச் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடு, என் ஆயி. கம்பெனி, ஆர்டர், கூட்டாளி எல்லாம் மத்தியானத்துக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். ஒன்றுமில்லை என்று வந்தால் எங்க அம்மா ஒரு பயந்தாங்கொள்ளி என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரி, நானும் கூடச் சிரிக்கிறேன். செட்டிகுளத்து ஆண்டவன் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நீ எடுத்த தொழில் தழைக்கட்டும், உன் உடம்பு உனக்கு எந்தக் குறையும் வைக்காமல் நூறு வருஷம் உழைக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். பதிலுக்கு ‘நல்லா இருக்கேம்மா’ என்று மட்டும் எழுதி அனுப்பாதே, நானும் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரத்தம் பார்த்துக் கொடுக்கிற சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, அது வருகிறவரை நான் இந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

உன் அம்மா,
ரா. வீரம்மாள்